பேர் சொல்லிக் கூப்பிட்ட விளம்பரம்

பெஞ்சின் மேல் பை இருந்தது. அவர் இல்லை.

பதுளை பஸ் ஸ்டாண்டில் அவரை உட்கார வைத்துவிட்டு, எதிரே இருந்த மருந்துக் கடைக்குத்தான் போனேன். கிளினிக்கில் கொடுத்த துண்டில் ஒரு குளிசையை வெளியில் வாங்கச் சொல்லி எழுதியிருந்தது. "எந்திரிக்காம இருங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். தலையாட்டினார். திரும்பி வந்து பார்த்தால் பை மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த ரொட்டி, எல்லாம் அதற்குள்தான். அவர் போட்டிருந்த வெள்ளைச் சாரம், பழுப்பு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை. அவ்வளவோடு என் வீட்டுக்காரர் எங்கேயோ போய்விட்டார்.

அவருக்குக் கொஞ்ச காலமாகவே ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. நேற்று நடந்தது தங்காது. சின்ன வயதில் நடந்ததெல்லாம் கண் முன்னால் வந்து நிற்கும். விடிவதற்குள் எழும்பி, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று செருப்பைத் தேடுவார். காலையில் தப்பு அடித்து, ஆட்களைக் கூட்டி, இன்னாருக்கு இன்ன மலை என்று வேலை பிரிக்கிறதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். அவர் பெரட்டுக்குப் போனதெல்லாம் வாலிபத்தில், ஹல்துமுல்லைப் பக்கத்தில் அவர் பிறந்த தோட்டத்தில். பசறைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வந்தது துரை பங்களாவில் சமையல்காரராக.

எனக்கு ஆட்களிடம் வாய் திறந்து பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்கு முன்னாலும் வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தும் நிற்பேன். அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேனே தவிர, ஒருத்தரையும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். நான் கேட்டது அவனுக்குக் கேட்கவில்லை. பஸ்ஸைத் தட்டி விட்டான், அது போய்விட்டது. எந்த ஊர் பஸ் என்றுகூட நான் பார்க்கவில்லை.

என் மகள் பதுளையிலேயே ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு பிளவுஸ் தைக்கிறாள். நான் போன் பண்ணியதும் கழுத்தில் இஞ்ச் டேப்பு தொங்கத் தொங்க ஓடி வந்தாள். மருமகன் ஆட்டோ ஓட்டுகிறவர், அவரும் வந்தார். ஆஸ்பத்திரி, மார்க்கெட், கோயில், ஸ்டேஷன் எல்லாம் தேடினோம். பொலிசிலும் சொல்லி எழுதிக் கொடுத்தோம். பிறகு மகள் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, போனை எடுத்தாள்.

"அப்பா எங்க போயிருப்பாங்கன்னு தோணுதும்மா?"

"ஹல்துமுல்லை. பொறந்த தோட்டத்துக்கு."

மருமகன் உடனே ஆட்டோவை அந்தப் பக்கம் விட்டார். மகள் தன்னுடைய பேஜில் அப்பாவின் படத்தைப் போட்டாள். அந்தப் பேஜில்தான் தைத்த பிளவுஸ்களைப் படம் பிடித்துப் போட்டு விற்பாள். படத்துக்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள்: அடையாள அட்டையில் இருக்கிற பேர், வயது, என்ன உடுத்தியிருந்தார், ஞாபக மறதி உண்டு, கண்டால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள். எழுதி முடித்துவிட்டு, "பூஸ்ட் பண்றேன்" என்றாள்.

அவள் அந்தச் சொல்லைச் சொல்லி முன்பும் கேட்டிருக்கிறேன். தீபாவளி, தைப்பொங்கல் வந்தால் எந்நேரமும் பூஸ்ட் பண்ணுவாள். என்னவென்று நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சும்மா போட்டா நம்ம பேஜைப் பாக்குறவங்களுக்கு மட்டும்தான்மா போகும். காசு குடுத்து பூஸ்ட் பண்ணினா நம்மளத் தெரியாதவங்க போன்லயும் போய் நிக்கும். எந்த ஊரு, எந்த வயசு, ஆம்பளையா பொம்பளையா, எல்லாம் நாம சொல்லலாம்."

தோட்டத்தில் ஏதாவது அறிவிப்பு என்றால் லயத்துக்கு லயம், அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம், தப்பு அடித்துக்கொண்டு ஒருவர் போவார். காது கேட்கிற வீடு, கேட்காத வீடு என்று பார்க்கமாட்டார். இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். எந்த லயத்தில் அடிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும், வித்தியாசம் அது ஒன்றுதான்.

அவள் பட்டனை அழுத்தினாள். ஆனால் போகவில்லை. "ரிவியூல இருக்கு" என்றாள்.

"அப்படின்னா?"

"அவங்க பாத்துட்டு சரின்னு சொன்னாத்தான் போகும்."

"யாரு பாக்குறாங்க?"

"தெரியாதும்மா. எங்கயோ இருக்கிற கம்பெனிக்காரங்க."

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வெயில் மங்கி, மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் மதியம் சாப்பிட்டிருக்கமாட்டார் என்ற நினைப்பு எனக்கு வந்தது. ரொட்டி என் மடியில் இருந்த பையில் இருந்தது.

சரி என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. மகள் அவசரமாகத் திறந்தாள். திறந்து பார்த்தவள் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. என்ன என்று கேட்டேன். வாசித்துக் காட்டினாள். அவர் படத்துக்குக் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: "விலை என்ன?" இன்னொருத்தி: "எல்லா சைஸும் இருக்கா?"

"படிக்காமலே கேக்குறாங்கம்மா. நம்ம பேஜில படம் வந்தா கை அதைத்தான் அடிக்கும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் புருசனைப் பார்த்து விலை கேட்டால் நான் என்ன சொல்ல?

அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. வெலிமடையில் துணிக்கடையில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை. மகள் சத்தமாகக் கேட்கிற மாதிரி போனை வைத்தாள். அந்தப் பிள்ளை சொன்னது இது. வேலை முடிந்து வெலிமடை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, இந்தத் தொப்பியும் இந்த ஸ்வெட்டருமாக ஒரு தாத்தா நின்றிருக்கிறார். போனில் பார்த்த ஞாபகம் வந்து, அதில் போட்டிருந்த பேரைச் சொல்லி, நீங்கள்தானா அது என்று கேட்டிருக்கிறாள்.

"'அது யாரு, எனக்கு அப்படி ஆளைத் தெரியாது'ன்னுட்டாரு அக்கா. சொல்லிட்டு மரக்கறி லொறி நிக்கிற பக்கமா நடந்து போயிட்டாரு. நானும் வேற ஆளுன்னு நெனச்சு பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்து திரும்பப் பாத்தா அதே மொகம். தம்பி வெலிமடை டவுன்லதான் நிப்பான், அவன்கிட்ட பாக்கச் சொல்லலாம்னா அவன் போன்ல இது வரவே இல்லையாம். அவன் கூட்டாளிங்க யாருக்கும் வரலையாம்."

போனை வைத்ததும் மகள் தலையில் கையை வைத்தாள். "பிளவுஸ் ஆளுங்களுக்கே போட்டுட்டேன்மா" என்றாள். எப்போதும் பிளவுஸ் விளம்பரம் போகிற ஆட்களை அந்தப் போன் ஞாபகம் வைத்திருக்குமாம். ஊவா மாகாணம் முழுக்க இருக்கிற இளம் பொம்பளைகள். அவசரத்தில் மாற்றாமல் அழுத்திவிட்டாள். கண்டக்டர்மார், ஆட்டோக்காரர்கள், லொறிக்காரர்கள், தேத்தண்ணிக் கடைக்காரர்கள், தெருவில் நிற்கிற ஒரு ஆம்பளைக்கும் அது போகவில்லை.

மருமகனுக்கு போன் பண்ணி வெலிமடைக்குத் திருப்பச் சொன்னாள். அவர் அப்போது பண்டாரவளையைத் தாண்டிவிட்டிருந்தார். வெலிமடைப் பக்கம் மழை இறங்கிவிட்டது என்றும், ரோட்டில் பனிமூட்டம் என்றும், மெல்லத்தான் வர முடியும் என்றும் சொன்னார். வெலிமடைக் குளிர் எனக்குத் தெரியும். நனைந்த ஸ்வெட்டரோடு அந்த மனிதர் ஒரு இரவு வெளியில் இருந்தால் அவ்வளவுதான்.

மகள் திரும்பவும் பூஸ்ட் பண்ண உட்கார்ந்தாள். மேப்பில் வெலிமடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஆண் பெண் எல்லாரும், எல்லா வயதும் என்று மாற்றினாள். பிறகு கை நின்றுவிட்டது.

"அம்மா, யாரு பாத்தாலும் இந்தப் பேரைத்தான் கேப்பாங்க. அவரு நான் இல்லம்பாரு. அப்பா ஏன் தன் பேரையே தெரியாதுங்கிறாங்க?"

எனக்கு ஏன் என்று தெரியும். அந்தப் பேர் பதிவில் எழுதிய பேர். அவர் பிறந்த தோட்டத்துக் கிளாக்கர் ஏதோ ஒரு சாமி பேரை நல்லபடியாக எழுதி வைத்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. பங்களா சமையல்காரர் என்றால் எல்லோருக்கும் அப்பு. துரைக்கும் அப்பு, லயத்துப் பிள்ளைகளுக்கும் அப்பு. அந்த அப்புவும் இப்போது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. அப்பு என்று கூப்பிட்டால் பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார்.

அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே பேர். அவருடைய அம்மா கூப்பிட்ட பேர். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இதாவது பிழைக்கட்டும் என்று, யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத மாதிரி ஒரு பேரை அந்த அம்மா வைத்தாள். கடையில் விற்கிற ஒரு சாமானின் பேர். விடியற்காலையில் அவர் தன்னையே அந்தப் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டு செருப்பைத் தேடுவதை நான் தினமும் கேட்கிறேன். அந்த அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அந்தப் பேர் தெரிந்த ஆள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான்.

நான் அதைச் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் பொம்பளைகள் புருசன் பேரைச் சொல்லமாட்டோம். எனக்கு அது ரெட்டைக் கஷ்டம். பசறையில் கடைக்குப் போனால் அந்தச் சாமானை விரலால் காட்டித்தான் வாங்குவேன். என் கூச்சத்துக்கு அப்படிச் செய்கிறேன் என்று மகளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னான்னு கூப்பிட்டாத் திரும்புவாரு? அம்மா, மழை பெய்யுதும்மா."

நான் எழும்பி சமையலறைக்குப் போய் அதை எடுத்து வந்து மிஷின் மேல் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "சமைக்கிற நேரமாம்மா இது?" என்றாள். நான் அதைத் தொட்டுக் காட்டினேன். பிறகு போனில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் அதன் பேரைச் சொன்னாள். "இதா? அப்பாவுக்கா?"

"அவங்க அம்மா கூப்பிடுறது."

"எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நான் எப்படிப் பாப்பா சொல்றது?"

எழுதிப் போட்டுவிடு என்றேன். அவள் யோசித்தாள். எழுதினால் ஆளாளுக்கு ஒரு மாதிரி வாசிப்பார்கள், அதிலும் சிங்களக்காரர் வாயில் அது வேறு மாதிரி வரும் என்றாள். "அதோட இது சாமான் பேரு. கடைத்தெருவில நின்னு யாராவது இதைச் சொன்னா, விக்கிறாங்கன்னு நெனச்சு வேண்டாம்னுட்டுப் போயிருவாரு. நீங்க கூப்பிடணும்மா. வீடியோவாப் போடுவோம். படம் அப்பா, சத்தம் நீங்க."

கல்யாண வீட்டுப் படத்தில்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவள் நான். முகம் வராது, சத்தம் மட்டும்தான் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனை பேர் கேட்பார்கள் என்று கேட்டேன். எத்தனை பேர் கேட்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது என்றாள்.

போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். "ஏங்க" என்றேன்.

அவள் நிறுத்திவிட்டாள். "ஏங்கன்னா வெலிமடையில இருக்கிற ஆம்பளை எல்லாம் திரும்பிப் பாப்பாங்கம்மா."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். "கூப்பிடுங்கம்மா" என்றாள்.

திரும்ப முயன்றேன். முதல் எழுத்தோடு நின்றுவிட்டேன். என் வாயால் இது வராது என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் மாமியாரை நினைத்தேன். கல்யாணமான புதிதில் ஹல்துமுல்லையில் அந்த அம்மாவோடு ஒரே காம்பராவில், லயத்து ஒற்றை அறையில், இருந்தேன். லயத்துக் கோடியில் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பேரின் கடைசி எழுத்தை இழுத்து இழுத்துக் கூப்பிடுவாள். அவர் எந்த மலையில் இருந்தாலும் வந்துவிடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் கூப்பிடவில்லை, அந்த அம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொண்டேன். அவள் இழுத்த மாதிரியே இழுத்துக் கூப்பிட்டேன். தையல் மிஷினில் இருந்த கத்தரிக்கோல்கூட அதிர்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

மகள் பட்டனை அழுத்தினாள். ரிவியூ. திரும்பவும் காத்திருந்தோம். மழை பதுளைக்கும் வந்துவிட்டது. தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் போன் அடித்தால் கேட்காதோ என்று பயந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். மருமகன் போன் பண்ணி, இப்போதுதான் வெலிமடைக்கு இறங்குகிறேன், முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

சரி என்று வந்தது. பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்று மகள் சொன்னாள். அவளுக்கு அது நல்ல செய்தி. எனக்கு ஒவ்வொருவரும் என் பக்கத்தில் வந்து நின்று கேட்கிற மாதிரி இருந்தது. கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் ஒரு சிங்களக்காரர் போன் பண்ணினார். வெலிமடையில் மரக்கறிக் கடைகளுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவர். அரைகுறைத் தமிழில் பேசினார். சீயா என்றால் அவர்கள் பாஷையில் தாத்தா.

"அம்மே, சீயா இங்கே இருக்கு. நான் சும்மா போன் பாத்தது. உங்க சத்தம் வந்தது. சீயா மூலையில உக்காந்து இருந்தது, சத்தம் கேட்டு எந்திரிச்சது. இப்ப வெளியே போகப் பாக்கிறது. நான் கையப் பிடிச்சு இருக்கு, நிக்க மாட்டேன் சொல்லுது."

மழைக்கு ஒதுங்கியவரை அவர் உள்ளே விட்டு, மூலையில் உட்கார வைத்திருக்கிறார். அந்தக் கடைக்காரர் எங்கள் பேஜைக் கண்டதே இல்லை. காசு கொடுத்து அனுப்பிய வீடியோ அதுவாக அவர் போனில் போய்ப் பேசியிருக்கிறது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு என் வீட்டுக்காரர் மழைக்குள் இறங்கப் பார்க்கிறார். அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்த அதே சத்தம் அவரைத் தெருவுக்கு இழுத்தது. மருமகன் போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது.

போனை அவர் காதில் வைக்கச் சொன்னாள் மகள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், சின்னப் பிள்ளை மாதிரி:

"வர்றேன் ஆத்தா. இன்னும் தப்பு அடிக்கல."

மகள் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கினேன். அவர் பேரைச் சொன்னேன். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"அங்கயே உக்காருடா" என்றேன். "இன்னைக்குப் பெரட்டு இல்ல. நான் ஆளனுப்புறேன், அதுவரைக்கும் எந்திரிக்காதே."

புருசனை வாங்க போங்க என்று தவிர வேறு விதமாகப் பேசாத வாய் இது. காலையில் எந்திரிக்காம இருங்க என்று மரியாதையாகச் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது கேட்டார்.

"சரி ஆத்தா" என்றார். பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. மருமகன் போய்ச் சேரும்வரைக்கும் கடைக்காரர் போனை வைக்கவே இல்லை. நானும் வைக்கவில்லை. அவர் எழும்பப் பார்க்கிறபோதெல்லாம் அந்தப் பேரைச் சொன்னேன்.

அன்றிரவு பதுளையில் மகள் வீட்டில், காய்ந்த துணி மாற்றி, சூடாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவர் என்னைப் பார்த்து, "எங்கடி போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். மருந்து வாங்க என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

மகள் விளம்பரத்தை நிறுத்திவிட்டாள். ஆனால் அதற்குள் யார் யாரோ ஷேர் பண்ணிவிட்டார்கள். பசறை பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ போட்டு, என் சத்தம் எனக்கே கேட்டது. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். தாத்தா கிடைத்துவிட்டாரா என்று இன்னும் கேட்கிறார்களாம். மகள் கிடைத்துவிட்டார் என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறாள். விலை கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போன வாரம் பசறைக் கடைக்குப் போனேன். மற்றச் சாமானெல்லாம் சொல்லிவிட்டு, அதற்கு மட்டும் வழக்கம்போல விரலைக் காட்டினேன். கடைக்காரர் நிறுக்காமல் நின்று என்னைப் பார்த்தார்.

"ஊவா முழுக்கக் கேட்டாச்சு. இன்னமும் விரல்தானா, அக்கா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. விரலை மட்டும் இறக்கவில்லை, அவர் அதை நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற வரைக்கும்.